ஹெச்.எஸ்.ஜி. எடுக்கச் சொல்லிவிட்டார்களா? நாளை எண்ணுவதிலிருந்து தொடங்குங்கள்

குழந்தை தங்கவில்லை என்று போனால் டாக்டர் சீட்டில் மூன்றே எழுத்து எழுதிக் கொடுப்பார்: ஹெச்.எஸ்.ஜி. கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே அது. "அடுத்த பீரியட்ஸ் வந்ததும் எடுத்துட்டு வாம்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் சீட்டைக் காட்டினால், "டியூப் டெஸ்ட்டா? அய்யோ, எங்க ஓர்ப்படி கத்தின கத்து இருக்குதே..." என்று ஆரம்பிப்பார். பஸ் ஏறி வீடு வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போயிருக்கும்.

நான் குடியாத்தத்துக்காரி. எட்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு இந்தப் பரிசோதனை நடந்தது. பிறகு ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பி மனைவிக்குத் துணையாகப் போனேன். என்னோடு பள்ளியில் வேலை செய்யும் ஒரு டீச்சருக்கும் போனேன். மூன்று முறையும் கண்டது ஒன்றுதான். உள்ளே மேஜையில் படுத்திருக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில் பெரிதாக எதுவும் கெட்டுப்போவதில்லை. அதற்கு முந்தைய பத்து நாளில்தான் கெட்டுப்போகிறது. நாளைத் தவறாக எண்ணி ஒரு மாதம் வீணாகிறது. வலி மாத்திரை போடாமல் போய் வலி கூடுகிறது. சொல்லியிருக்க வேண்டிய பழைய நோயைச் சொல்லாமல் விட்டுக் காய்ச்சல் வருகிறது. அதனால் அந்தப் பத்து நாளைப் பற்றியே இங்கே அதிகம் எழுதுகிறேன். உங்கள் டாக்டர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்; உங்கள் உடம்பைப் பார்த்தவர் அவர்.

எதற்காக இந்தப் படம்

கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய் இருக்கிறது. நீளம் சுமார் 10 சென்டிமீட்டர். கர்ப்பப்பையை ஒட்டிய இடத்தில் உள்துளை நூல் நுழையும் அளவுதான். முட்டையும் விந்தணுவும் சந்திப்பது கர்ப்பப்பைக்குள் அல்ல, இந்தக் குழாய்க்குள். இரண்டு குழாயும் அடைத்திருந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் இயல்பாகக் கரு தங்காது. வழக்கமாக எடுக்கும் ஸ்கேனில் நல்ல நிலையில் இருக்கும் குழாய் தெரியாது. வெறும் எக்ஸ்ரேயிலும் தெரியாது. எனவே எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியக்கூடிய ஒரு திரவத்தைக் கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே விட்டு, அது எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார்கள். 1914-லேயே அமெரிக்காவில் வெள்ளி கலந்த மருந்தை விட்டு இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இப்போது அயோடின் கலந்த மருந்து. ஆஸ்பத்திரியில் அதை 'டை' என்பார்கள். கர்ப்பப்பையின் உள்வடிவமும் இதே படத்தில் தெரிந்துவிடும்: நடுவில் தடுப்பு இருக்கிறதா, சதை வளர்ந்திருக்கிறதா, உட்சுவர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று.

முதலில் வீட்டுக்காரர்

இதை அழுத்தியே சொல்கிறேன். உங்கள் கணவருக்கு விந்துப் பரிசோதனை எடுத்தாகிவிட்டதா? குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் ஏதாவது ஒரு காரணம் இருக்கிறது. அவருக்கு ஊசி இல்லை, வலி இல்லை. 2 முதல் 7 நாள் உறவு இல்லாமல் இருந்து ஒரு டப்பாவில் கொடுத்தால் போதும். ஆனாலும் நம் வீடுகளில் பெண்ணைத்தான் முதலில் மேஜையில் படுக்க வைக்கிறோம். எனக்கும் அப்படித்தான் நடந்தது. தம்பி மனைவிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்த அன்றே தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ போய் உன் டெஸ்ட்டை எடுத்துட்டு வா, அப்புறம் அவளைக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், பிறகு போனான். அந்த ரிப்போர்ட் கையில் இருந்தது டாக்டருக்கும் உதவியாக இருந்தது.

நாள் கணக்கு

இந்தப் பரிசோதனைக்கு ஒரு சின்ன ஜன்னல்தான் உண்டு. ரத்தப்போக்கு முழுவதும் நின்றிருக்க வேண்டும். முட்டை வெளிவரும் நாள் வந்திருக்கக் கூடாது. 28 முதல் 30 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவர்களுக்கு அது பெரும்பாலும் 7-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாள் வரை. ரத்தம் இருக்கும்போது எடுத்தால் படமும் குழம்பும், கிருமி மேலே ஏறவும் வழியாகும். தள்ளிப்போய் எடுத்தால் அதற்குள் கரு உருவாகியிருக்கக்கூடும். அதன் மேல் மருந்தும் கதிரும் படக் கூடாது.

சரி, 1-ஆம் நாள் எது? நம் பக்கத்தில் தவறு நடப்பது இங்கேதான். வீட்டில் பெரியவர்கள் நாள் எண்ணுவது தலைக்கு ஊற்றிக்கொண்டதிலிருந்து. "குளிச்சு இன்னிக்கு எத்தினி நாளு?" என்றுதான் என் மாமியார் கேட்பார். நானும் அப்படியே எண்ணினேன். நாலாம் நாள் தலைக்கு ஊற்றியதை முதல் நாளாக வைத்து, என் கணக்குக்கு 9-ஆம் நாள் போய் நின்றேன். டாக்டர் கணக்குக்கு அது 12-ஆம் நாள். "இந்த மாசம் முடியாதும்மா, அடுத்த மாசம் வா" என்று அனுப்பிவிட்டார்கள். லீவு போட்டு, பஸ் பிடித்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு போன பிறகு திரும்பி வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன்.

ஆஸ்பத்திரிக் கணக்கில் 1-ஆம் நாள் என்பது நன்றாக உதிரம் பட ஆரம்பித்த நாள். முதல் நாள் சாயங்காலம் லேசாகக் கறை மட்டும் பட்டு, மறுநாள் காலை நன்றாகப் போனால், அந்த மறுநாள்தான் முதல் நாள். நாள்காட்டியில் வட்டம் போடுங்கள். உதாரணமாக, 3-ஆம் தேதி திங்கட்கிழமை ஆரம்பித்தால், 9-ஆம் தேதி ஞாயிறு 7-ஆம் நாள். ஞாயிறு பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். எனவே திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள்தான் உங்களுக்கு மீதி. இதில் ஒரு அரசு விடுமுறை வந்தால் இரண்டு. அதனால்தான் 'நின்னதும் கூப்பிடலாம்' என்று இருக்காமல், 1-ஆம் நாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ண வேண்டும்.

சிலருக்கு இந்தக் கணக்கு மாறும். 22, 23 நாளுக்கே வந்துவிடுகிறவர்களுக்கு முட்டை சீக்கிரம் வெளிவரும். அவர்கள் இன்னும் முன்னதாகவே எடுக்க வேண்டும் என்பதால் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். நீர்க்கட்டி இருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருபவர்களுக்கு, கர்ப்பம் இல்லை என்று பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்து வரவைப்பார்கள். பிறகு அதிலிருந்து எண்ணுவார்கள். எட்டு நாள் வரை உதிரம் போகிறவர்கள் அதையும் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

இன்னொன்று, வெட்கப்படாமல் படியுங்கள். மாதவிடாய் தொடங்கியதிலிருந்து பரிசோதனை முடியும் வரை உறவு கூடாது. 'குளித்த பிறகு இருந்தால்தானே குழந்தை' என்று வீட்டுக்காரர் கேட்பார். இந்த ஒரு மாதம் மட்டும் அந்தச் சில நாள் பொறுக்கட்டும். பரிசோதனைக்கு முன், கர்ப்பம் இருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்வார்கள். அது அவமானப்படுத்த அல்ல, பாதுகாப்புக்கு.

வேலூர் பக்கத்து விரிஞ்சிபுரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார்த்திகைக் கடை ஞாயிறன்று சிம்ம தீர்த்தத்தில் முழுகி, ஈரத்துணியோடு மார்க்கபந்தீஸ்வரர் கோயில் பிரகாரத்தில் படுத்துப் பிள்ளை வரம் கேட்கும் ஊர் நம்முடையது. நானும் படுத்திருக்கிறேன். அந்த ராத்திரி பக்கத்தில் படுத்திருந்த முகம் தெரியாத பெண்களைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த ஆறுதலை வேறு எங்கும் நான் பார்க்கவில்லை. ஆனால் 'கடை ஞாயிறு முடியட்டும், அப்புறம் டெஸ்ட் எடுக்கலாம்' என்று ஆறு மாதம் தள்ளாதீர்கள். வேண்டுதல் ஒரு பக்கம் இருக்கட்டும், பரிசோதனை ஒரு பக்கம் நடக்கட்டும். 35 வயது தாண்டியவர்களுக்கு ஆறு மாதம் பெரிய காலம்.

போன் பண்ணும்போது கேட்க வேண்டியது

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் எங்கள் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும், பெரிய டெஸ்ட் என்றால் இன்னும் வேலூர் வண்டிதான் ஏறுகிறோம். சி.எம்.சி., அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரிகள், ஸ்கேன் சென்டர்கள் என்று எங்கே போவதானாலும் பதிவு, ஓ.பி. சீட்டு, நோயாளி எண் எல்லாவற்றையும் முந்தைய மாதமே முடித்து வையுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் விடிவதற்கு முன்பே வரிசையில் நிற்பார்கள். உங்களுக்குக் கிடைக்கும் மூன்று நாளில் ஒரு நாள் பதிவு வரிசையிலேயே போகக் கூடாது.

போனில் இதைக் கேளுங்கள். எந்தக் கிழமைகளில் எடுக்கிறீர்கள்? மொத்தம் எவ்வளவு ஆகும், அதில் டை மருந்தும் ஃபிலிமும் டாக்டர் கட்டணமும் சேர்ந்ததா, தனியா? சும்மா எடுப்பீர்களா, மயக்கம் கொடுத்தா? பெரும்பாலும் மயக்கம் கிடையாது. அப்படியென்றால் வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. மயக்கம் கொடுப்பதாகச் சொன்னால் எத்தனை மணிக்கு மேல் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாக, எடுப்பது பெண் டாக்டரா?

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க என் தம்பி மனைவி மிகவும் தயங்கினாள். தயங்க வேண்டாம். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்து, ஆண் மருத்துவர் வேண்டாம் என்று சொன்னதால் மூன்று பெண்களும் இறந்துபோனதைப் பார்த்துத்தான் அமெரிக்க மிஷனரி டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படிக்கப் போனார். அவர் 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டில் போட்டு ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி.; 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியையும் இங்கே தொடங்கினார். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. எக்ஸ்ரே எடுப்பவர் ஆணாக இருக்கலாம். அப்போது கூடவே ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் காத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை

கல்யாணத்துக்கு முன்போ பின்போ காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சின்ன வயதில் கழுத்தில் கட்டி வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டதைக்கூடச் சொல்லுங்கள். நம் நாட்டில் கருக்குழாய் கெட்டுப்போவதற்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். நுரையீரலிலிருந்து ரத்தம் வழியாகக் குழாய்க்குப் போய், இருமலோ காய்ச்சலோ இல்லாமல் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். மாமியார் வீட்டில் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று பெண்கள் மறைப்பது இதைத்தான். கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டாக்டரிடம் தனியாகச் சொல்லலாம்.

கருக்கலைப்பு, டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது), அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன், அடிவயிற்று வலியோடு நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல் இவையும் சொல்ல வேண்டியவை. வெள்ளைப்படுதல் இப்போதே இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் பார்ப்பார்கள். உள்ளே கிருமி இருக்கும்போது டை விட்டால் அது மேலே போய்விடும். குழாயில் பழைய பாதிப்பு இருக்கும் என்று தோன்றினால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். கொடுத்தால் முழுக் கணக்கையும் சாப்பிட்டு முடியுங்கள்.

முன்பு சி.டி. ஸ்கேனுக்கு ஊசி போட்டபோது உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா? ஆஸ்துமா உண்டா? தைராய்டு உண்டா? அயோடின் என்பதால் இவை தெரிய வேண்டும். மீன், இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பயப்படுவதுண்டு. அந்த ஒவ்வாமை மீனில் உள்ள புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல. சொல்லி வையுங்கள், ஆனால் அதற்காகப் பரிசோதனையைத் தள்ள வேண்டியதில்லை. நீர்க்கட்டிக்கோ சர்க்கரைக்கோ மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அன்றைக்குப் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றைய காலை

மயக்கம் இல்லையென்றால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு போனால்தான் தலை சுற்றும். நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.

வலி மாத்திரை பற்றி முந்தைய நாளே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். பொதுவாக இபுபுரூஃபன் போன்ற ஒன்றை, படம் எடுப்பதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்னால் போடச் சொல்வார்கள். வயிற்றுப்புண், சிறுநீரகத் தொந்தரவு, ஆஸ்துமா உள்ளவர்கள் தாங்களாகப் போடக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் விஷயமும் அல்ல. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, போடாமல் போனேன். டீச்சர் போட்டுக்கொண்டு வந்தார். வெளியே வந்ததும் "இவ்வளவுதானா?" என்றார். எல்லோருக்கும் அப்படி இருக்கும் என்று நான் சொல்லவில்லை. என் வலிக்கும் அவர் வலிக்கும் இருந்த வித்தியாசத்தில் அந்த மாத்திரைக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

உடை: புடவையோ தளர்ந்த சுடிதாரோ, கழற்றி மாட்ட எளிதாக இருக்கட்டும். உள்ளே கவுன் கொடுப்பார்கள். இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். படத்தில் குறுக்கே விழும். பாவாடையில் குத்திய ஊக்கும் அப்படித்தான். தாலியைக் கழற்ற வேண்டுமா என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள். படம் எடுப்பது அடிவயிற்றை. சரடு நீளமாக இருந்தால் மேலே தூக்கிப் போட்டுக்கொண்டால் போதும். ஆனால் தாலிச் சரட்டில் நாலைந்து ஊக்கு கோத்து வைத்திருப்போமே, அதை எடுத்துவிடுங்கள்.

பையில் இரண்டு மூன்று நாப்கின், மாற்று உள்ளாடை, பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், கணவரின் ரிப்போர்ட், கடைசி மாதவிடாய் தேதி எழுதிய தாள். கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். அது கணவராக இருந்தால் நல்லது. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாலும், இது நம் இருவருக்குமான காரியம் என்பது அவருக்கும் புரியும்.

உள்ளே என்ன நடக்கும்

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். படித்துவிட்டுப் போடுங்கள், புரியாததைக் கேளுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். சில இடங்களில் தசை இறுகாமல் இருக்க ஒரு ஊசி போடுவார்கள்.

எக்ஸ்ரே மேஜையில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி விரிக்க வேண்டும். மேஜை சில்லென்று இருக்கும். பிறப்புறுப்பை விரிக்கும் கருவியை வைப்பார்கள். ஏற்கெனவே உள்பரிசோதனை செய்தவர்களுக்கு அது பழக்கமானதுதான். கர்ப்பப்பை வாயை மருந்தால் துடைப்பார்கள். அதை அசையாமல் பிடிக்க ஒரு கருவி வைத்தால் சுருக்கென்று கிள்ளுவது போல இருக்கும். பிறகு மெல்லிய குழாயை உள்ளே செலுத்துவார்கள். சில இடங்களில் நுனியில் சின்ன பலூன் உள்ள குழாய், சில இடங்களில் உலோகக் குழாய். அதன் வழியே டையை மெதுவாக விடுவார்கள். மொத்தமே 10 மில்லி அளவுதான், இரண்டு டீஸ்பூன்.

வலி உச்சத்துக்குப் போவது பலூன் விரியும்போதும் டை ஏறும்போதும். மாதவிடாய் வலி பலமாக வந்தால் எப்படி இருக்குமோ அப்படி, ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். குழாய் அடைத்திருந்தால் கூடுதலாகத் தெரியும். அந்த நேரத்தில் மூச்சை அடக்காதீர்கள். வாய் வழியாக ஊதுவது போல மெல்ல விடுங்கள். தொடையை இறுக்கினால் எல்லோருக்கும் கஷ்டம், உங்களுக்குத்தான் முதலில். "மேடம், கொஞ்சம் மெதுவா விடுங்க" என்று சொல்லலாம். தாங்கவில்லையென்றால் "நிறுத்துங்க" என்றும் சொல்லலாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் கிடந்தேன். அப்படிக் கிடந்ததால் எனக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை. இறுகின உடம்பு வலியை அதிகமாக்கியதுதான் மிச்சம்.

இடையில் இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு என்பார்கள். நாலைந்து படம் எடுப்பார்கள். திரை உங்களுக்குத் தெரியும்படி இருந்தால் பாருங்கள். முதலில் ஒரு சின்ன முக்கோணம் வெள்ளையாக நிரம்பும், அதுதான் கர்ப்பப்பை. அதன் இரண்டு மூலையிலிருந்தும் நூல் மாதிரி கோடு கிளம்பி வளைந்து போகும். நுனியில் டை வெளியே சிந்திப் புகை போலப் பரவினால் குழாய் திறந்திருக்கிறது. சிந்திய டையை உடம்பு தானே உறிஞ்சிக்கொண்டு வெளியேற்றிவிடும். கதிர்வீச்சு குறைந்த அளவுதான்; அதனால் பிற்பாடு கருத்தரிப்பதற்குக் கெடுதல் வராது.

முடிந்ததும் உடனே குதித்து இறங்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிஷம் படுத்திருங்கள். கண் இருட்டுகிறது, வியர்க்கிறது என்றால் நர்ஸிடம் சொல்லிவிட்டுப் படுத்தே இருங்கள்; கர்ப்பப்பை வாயைத் தொட்டாலே சிலருக்கு நாடி குறைந்து அப்படி ஆகும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

டூ வீலரில் பின்னால் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டு வர வேண்டாம். பஸ்ஸோ ஆட்டோவோ போதும். டை பிசுபிசுப்பாக, லேசான ரத்தத்தோடு கலந்து வெளியே வரும். ஒரு நாள், இரண்டு நாள் கறை படும், லேசாக வயிறு இழுக்கும். நாப்கின் மட்டும் வையுங்கள். ஓரிரு நாள் உறவு வேண்டாம். அதன் பிறகு அதே மாதம் முயலலாமா என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பலருக்குச் சரி என்பார்கள். இந்தப் பரிசோதனைக்குப் பின் சில மாதங்களில் கரு தங்குவது உண்டு. நெதர்லாந்தில் 1,100-க்கு மேற்பட்ட பெண்களை வைத்து நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், எண்ணெய் கலந்த டை விட்டவர்களில் 39.7 சதவீதம் பேருக்கும், நீரில் கரையும் டை விட்டவர்களில் 29.1 சதவீதம் பேருக்கும் ஆறு மாதத்துக்குள் கரு தங்கியிருந்தது. எண்ணெய் டையில் அயோடின் உடம்பில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்கும் என்பதால் தைராய்டு உள்ளவர்களுக்கு யோசித்தே விடுவார்கள். எனவே எந்த டை என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும்.

இவை வந்தால் மறுநாள் வரை பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், குறையாமல் கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, நாற்றமடிக்கும் கசிவு, ஒரு மணி நேரத்தில் நாப்கின் நனைந்துவிடும் அளவு ரத்தம், உடம்பில் தடிப்பு, மூச்சு முட்டல். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குக் கிருமித் தொற்று வரத்தான் செய்கிறது. அதைப் பாராசிட்டமாலில் அமுக்கி வைத்தால் திறந்திருந்த குழாயும் கெட்டுப்போகும்.

ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது

'பைலேட்டரல் ஸ்பில்' என்றால் இரண்டு பக்கமும் டை சிந்தியது, குழாய்கள் திறந்திருக்கின்றன. 'பேட்டன்ட்' என்பதற்கும் திறந்திருக்கிறது என்றுதான் பொருள். 'ஃபில்லிங் டிஃபெக்ட்' என்றால் கர்ப்பப்பைக்குள் ஓரிடத்தில் டை நிரம்பவில்லை; சதையாக இருக்கலாம், காற்றுக் குமிழாகவும் இருக்கலாம். 'ஹைட்ரோசால்பின்க்ஸ்' என்றால் நுனி மூடிக் குழாய் நீர் கோத்து வீங்கியிருக்கிறது. இதை லேசாக விடக் கூடாது. டெஸ்ட் டியூப் முறைக்குப் போனாலும் அந்த நீர் கரு தங்கும் வாய்ப்பைக் குறைக்கும் என்பதால் முதலில் அதற்கு வழி பண்ணுவார்கள். குழாய் மணி கோத்தது போலத் தெரிந்தால் காசநோய் இருக்கிறதா என்று கர்ப்பப்பைச் சதையை எடுத்துப் பார்ப்பார்கள். இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்.

'கார்னுவல் பிளாக்' என்பதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கர்ப்பப்பையின் மூலையிலேயே, குழாய் தொடங்கும் இடத்திலேயே அடைப்பு என்று அர்த்தம். என் ரிப்போர்ட்டில் வலப்பக்கம் அப்படித்தான் எழுதியிருந்தது. வீட்டில் ஒரு துக்கம் நடந்தது போல ஆகிவிட்டது. மூன்று மாதம் கழித்து, வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா வழியாகப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியில் நீல மருந்து விட்டுப் பார்த்தபோது அந்தக் குழாய் திறந்திருந்தது. வலியிலும் பயத்திலும் அந்த இடத்துத் தசை இறுகிக்கொண்டால் டை நுழையாது; படத்தில் அடைப்பு மாதிரியே தெரியும். சளி போன்ற சின்னக் கசடு நின்றாலும் அப்படித்தான். ஆகவே ஒரு படத்தை வைத்து 'எனக்கு டியூப் பிளாக்' என்று முடிவு கட்டாதீர்கள், யாரையும் கட்டவும் விடாதீர்கள். இன்னொரு முறை பார்க்கலாமா, லேப்ராஸ்கோப்பி வேண்டுமா என்று கேளுங்கள். ஒரு பக்கம் திறந்திருந்தாலே இயல்பாகக் கரு தங்க வழி இருக்கிறது. இரண்டும் உண்மையிலேயே அடைத்திருந்தால்? உலகின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை 1978-ல் பிறந்ததே, கருக்குழாய்கள் அடைத்திருந்த ஒரு தாய்க்குத்தான். அந்த வைத்தியமே அதற்காகத்தான் உண்டானது.

குழாய் திறந்திருக்கிறது என்பது மட்டும்தான் இதில் தெரியும். அது சரியாக வேலை செய்கிறதா, வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, முட்டை எப்படி இருக்கிறது என்பதெல்லாம் வேறு பரிசோதனைகளுக்கு உரியவை.

ஃபிலிமை மடிக்காமல் உறையில் போட்டு, தேதியையும் அது மாதவிடாயின் எத்தனையாவது நாள் என்பதையும் உறை மேலே எழுதி வையுங்கள். படத்தைப் பதிந்த சி.டி. வட்டு கொடுத்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். வேறு டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. அவர் படத்தைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். படம் கையில் இல்லாவிட்டால் இன்னொரு முறை எடுத்துட்டு வாம்மா என்பார்.